அச்சில் காணாமல் போன சம்பந்தி வீட்டார்

மணப்பெண் அழவில்லை. அதுதான் கொசுவுக்குப் பயமாக இருந்தது.

இந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே கைக்குட்டையைத் தேடுவார்கள். கொசு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவான். அந்த இடைவெளியில் அவனுக்கு ஒரு ஜோக் தயாராகிவிடும். இவளோ பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மின்விசிறிக் காற்றில் அது பறக்காமலிருக்கத் தன் செல்போனையே அதன் ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு சாயங்காலம் என் கல்யாணம் நிக்கப் போகுது. அதுக்குள்ள ஒரு ஆளைக் கண்டுபிடிக்கணும்.”

“மாப்பிள்ளை ஓடிட்டாரா?” என்றான் கொசு.

“அவர் எங்கயும் ஓடல. வெச்ச இடத்துலயே இருக்கார். அவர் குடும்பத்தைத்தான் காணோம்.”

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். இந்த அம்மாளுக்கு ஊரில் கழுகு என்று பெயர். துப்பறியும் நிலையம் திறந்தபோது பெயர்ப்பலகையில் ஒரு கழுகு வரையச் சொன்னாள். வரைந்தவர் கோழி மாதிரி எதையோ வரைந்துவிட்டுப் போய்விட்டார். பார்க்கிறவர்கள் தவறாக நினைக்கக் கூடாதே என்று கீழே பெரிதாகக் ‘கழுகு’ என்று எழுதவேண்டி வந்தது. எழுதிய பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. காதோரம் ஓயாமல் ரீங்காரமிடும் உதவியாளனுக்குக் கொசு என்ற பெயரை அம்மாளே வைத்தாள்.

“முதல்லேர்ந்து சொல்லும்மா,” என்றாள் கழுகு.

மணப்பெண் சொன்னாள். கல்யாண அழைப்பை இணையப் பக்கமாகவே போட்டுவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடிவாகியிருந்தது. அவளுடைய அண்ணன் இணையதளங்கள் வடிவமைக்கிறவன். அவனே செய்து கொடுத்தான். இடதுபக்கம் பெண் வீட்டார், வலதுபக்கம் மாப்பிள்ளை வீட்டார், ஆளுக்கொரு புகைப்படம். செல்லில் பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் கையில் பிடிக்க முடியாத எதுவும் அழைப்பே இல்லை. தன் பழைய அலுவலக நண்பர்களுக்குக் கொடுக்க அச்சடித்து வரும்படி தம்பியை அனுப்பினார். தம்பி கொண்டுவந்த தாள்தான் இப்போது மேஜைமேல் இருந்தது.

கொசு எட்டிப் பார்த்தான். இடதுபக்கம் பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா என்று வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வலதுபக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“சுத்தமா துடைச்சிருக்காங்க,” என்றான். “எங்க வீட்டுத் தரை கூட இப்படி இருந்ததில்ல.”

“வேணும்னே எங்களை எடுத்துட்டாங்கன்னு மாமா குதிக்கிறார். செல்லுல இருக்கே மாமான்னு காட்டினேன். மாட்டிக்கிட்டதும் திரும்பச் சேத்துட்டீங்கன்னு சொல்றார். யார் பண்ணினதுன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியணுமாம். இல்லேன்னா கல்யாணம் கிடையாதாம்.”

“மாப்பிள்ளை என்ன சொல்றார்?” என்று கழுகு கேட்டாள்.

இதுவரை தடுமாறாமல் பேசிய பெண் இங்கே கொஞ்சம் நிறுத்தினாள். “அவர் செவுத்தைப் பாத்துக்கிட்டு நின்னார். மேடம், ஆள் தங்கம். எங்கிட்ட நல்லாத்தான் பேசுவார். அப்பா முன்னாடி மட்டும் வாயே திறக்க மாட்டார். இந்தக் கல்யாணம் நின்னுடுமோன்னு பயமா இருக்கு. நடந்துடுமோன்னும் கொஞ்சம் பயமா இருக்கு.”

கொசு தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கிவிட்டான்.

கழுகு தாளின் அடிப்பகுதியை விரலால் தொட்டாள். “இந்த அம்மா யாரு? மூக்குக்கு மேலதான் இருக்காங்க.”

“என் அத்தை. அப்பாவோட அக்கா.”

“கோவக்காரங்களா?”

“அவங்க வீட்டுக்கு வர்றாங்கன்னா எங்கப்பா சட்டையைத் தேடி மாட்டிக்குவார்.”

“சரி,” என்று எழுந்தாள் கழுகு. “கொசு, செருப்பை மாட்டு.”

*

தாள் பிறந்த இடம் கடைத்தெருவின் நடுவில் இருந்த ஒரு நகலெடுக்கும் கடை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு இயந்திரங்கள் முனகிக்கொண்டிருந்தன. கடைக்காரம்மா ஒரு கையால் தாள் அடுக்கிக்கொண்டே மறு கையால் அடுத்த ஆளின் செல்போனை வாங்கிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்களின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு கொசு முன்னால் நுழைந்தான்.

“இதை அடிச்சுக் குடுத்தது நீங்களா?”

அவள் தாளைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டாள். “அந்த ஆளா? தாளை வாங்கினார். பாத்தார். திருப்பிப் போட்டுப் பாத்தார். பின்பக்கத்துல இருக்கோமான்னு. அப்புறம் மெஷினுக்குள்ள குனிஞ்சு பாத்தார். உள்ள சிக்கியிருக்கோமான்னு.”

“நீங்க எதையாவது மாத்தினீங்களா?”

“வந்ததை அடிக்கிறேன். யார் குடும்பம் எந்தப் பக்கம்னு பாக்க எனக்கு ஏது நேரம்?”

“அப்ப இன்னொரு தடவை அடிங்க,” என்றாள் கழுகு.

மணப்பெண் கொடுத்திருந்த முகவரியைக் கடைக்காரம்மா கணினியில் திறந்தாள். திரையில் இரு குடும்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிறைவாக இருந்தன. மாப்பிள்ளையின் அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு நடுநாயகமாக இருந்தார். பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் முனகி ஒரு தாளைத் துப்பியது. அதில் மீசையும் இல்லை, மீசைக்காரரும் இல்லை.

“யாரும் திரும்பச் சேக்கலை,” என்றாள் கழுகு. “திரையில எப்பவும் இருக்காங்க. காகிதத்துக்கு வரும்போதுதான் காணாமப் போறாங்க.”

கொசுவுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. “மேடம், கேஸ் முடிஞ்சுது. திரை அகலம், தாள் ஒடுக்கம். வலதுபக்கத்து ஆளுங்களுக்கு இடம் பத்தல. பஸ் நிரம்பிடுச்சு, அவ்வளவுதான்.”

“பெரிய தாள் இருக்கா?” என்று கடைக்காரம்மாவிடம் கேட்டாள் கழுகு.

இருந்தது. மேஜைவிரிப்பு அளவுக்கு ஒரு தாள் வெளியே வந்தது. அதன் இடது ஓரத்தில் பெண் வீட்டார் ஒதுங்கி நின்றார்கள். வலதுபக்கம் விளையாட்டு மைதானம் போலக் காலியாகக் கிடந்தது. அத்தை இந்தத் தாளிலும் மூக்குக்கு மேல்தான் இருந்தாள்.

“பஸ்ஸுல இடம் நிறைய இருக்கு,” என்றாள் கழுகு. “அவங்களை ஏத்தாதேன்னு யாரோ கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்க.”

கொசுவின் முகம் மாறியது. “அப்ப அந்தப் பொண்ணோட அண்ணன்தானா? பக்கத்தை எழுதினவன் அவன்தானே.”

“எழுதினவன் அவன்தான். ஆனா தன் அத்தையோட முகத்தை மூக்கு வரைக்கும் வெட்டற தைரியம் அவனுக்கு எங்கேர்ந்து வரும்? அவங்கப்பாவே சட்டை தேடற அத்தை. சம்பந்தி வீட்டை அவமானப்படுத்தணும்னு திட்டம் போடறவன் முதல்ல தன் வீட்டு ஆளுங்களை அழகா நிக்க வெப்பான். இது திட்டமா எனக்குத் தெரியல.”

“அப்ப என்ன மேடம் இது?”

“போய்க் கேப்போம்.”

*

அண்ணனின் அறையில் இரண்டு திரைகள், அவற்றைச் சுற்றி ஒயர்கள், ஒயர்களின் மேல் துவைக்காத சட்டைகள் இருந்தன. துப்பறிகிறவர்கள் என்றதும் அவன் அவசரமாக ஒரு சட்டையை எடுத்து மாட்டினான். அது உள்பக்கம் வெளியே இருந்தது. இந்த வீட்டில் பயம் வந்தால் எல்லாரும் சட்டை தேடுகிறார்கள் என்று கொசு மனத்தில் குறித்துக்கொண்டான்.

“நான் எடுக்கல மேடம். சத்தியமா எடுக்கல. இதோ பாருங்க, இருக்காங்க.”

“திரையில இருக்காங்க. காகிதத்துக்குன்னு நீ என்ன எழுதி வெச்சிருக்க?”

அண்ணன் தலையைச் சொறிந்தான். “ஒரு பக்கத்துக்கு ரெண்டு உடுப்பு உண்டு மேடம். ஸ்கிரீனுக்கு ஒண்ணு, பிரிண்டுக்கு ஒண்ணு. எது எங்க, எப்படி இருக்கணும்னு சொல்ற சிஎஸ்எஸ்னு ஒரு கணினி மொழியில ரெண்டையும் தனித்தனியா எழுதி வெப்போம். இங்க பாருங்க, இதுதான் பிரிண்டுக்கு.”

அவன் திரையில் வரிகளை உருட்டிக்கொண்டே போனான். திடீரென்று விரல் நின்றது.

“என்னப்பா எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு,” என்றாள் கழுகு.

“அச்சடிக்கும்போது... வலதுபக்கப் பெட்டியைக் காட்டாதே.”

“யார் எழுதினது?”

“நான்தான்.”

கொசு கதவோரம் போய் நின்றுகொண்டான். ஓடுகிறவனைப் பிடிப்பது அவன் வேலை. இதுவரை யாரும் ஓடியதில்லை என்பதால் அதில் அவனுக்குப் பழக்கம் போதாது. அண்ணனும் ஓடவில்லை. திரையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“இதை எழுதினப்ப வலதுபக்கப் பெட்டிக்குள்ள யார் இருந்தாங்க?” என்று கேட்டாள் கழுகு.

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தான். “யாருமே இல்ல மேடம். வருகிறேன், வரவில்லைன்னு ரெண்டு பட்டன். கல்யாணத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம்னு ஓடற ஒரு கடிகாரம். காகிதத்துல பட்டனை அமுக்கினா ஓட்டைதான் விழும். அதான் அந்தப் பெட்டியே அச்சுல வேண்டாம்னு எழுதினேன்.”

“அப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க?”

“இடதுபக்கத்துலதான். எங்க வீடு மேல, அவங்க கீழ. ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரா வரிசையா இருந்தாங்க. போன வாரம் ஒரு போன் வந்துச்சு. எங்களை எதுக்குக் கீழ போட்டீங்க, சரிசமமா பக்கத்துலதான் போடணும்னு. நான் பட்டனையெல்லாம் அடியில தள்ளிட்டு அவங்களை வலதுபக்கப் பெட்டிக்குள்ள வெச்சேன். காலியா கிடந்த அறையில குடி வெச்ச மாதிரி. அந்த அறைக் கதவை அச்சுக்கு மட்டும் பூட்டி வெச்சிருந்ததை மறந்தே போயிட்டேன்.”

“போன் பண்ணினது யாரு?”

அண்ணன் சொன்னான். கொசு வாய்விட்டுச் சிரித்தான். கழுகு சிரிக்கவில்லை.

“அத்தை தலை?”

“பக்கத்துல பக்கத்துல வெச்சப்ப ரெண்டு பெட்டியும் ஒரே உயரமா இருக்கட்டும்னு உயரத்தைக் கட்டி வெச்சேன். மிச்சத்தை விரலால தள்ளிப் பாத்துக்கலாம்னு. காகிதத்துல எங்க தள்றது? அத்தைகிட்ட சொல்லிடாதீங்க மேடம்.”

அவன் வேலையில் இறங்கினான். வலதுபக்கப் பெட்டியின் பூட்டைத் திறந்தான். உயரக் கட்டை அவிழ்த்தான். தாள் எவ்வளவு அகலமோ அதில் ஆளுக்குப் பாதி என்று மாற்றினான். ஒரு புகைப்படத்தை இரண்டு தாளுக்கு நடுவே வெட்டக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தான். அச்சு எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் ஜன்னலைத் திறந்து பார்த்து, “வலதுபக்கம் வந்துடுச்சு, அத்தையும் வந்துட்டாங்க” என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டான்.

மூலையில் இருந்த அச்சுப்பொறியிலிருந்து தாள் வந்தபோது முதலில் எடுத்தது கழுகுதான். பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். யாருக்கும் காட்டாமல் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“மேடம், எனக்குக் காட்டுங்களேன்,” என்றான் கொசு.

“அங்க வந்து பாத்துக்க. தம்பி, நீயும் கிளம்பு. அப்பாவையும் தங்கச்சியையும் கூப்பிட்டுக்க. சட்டையைத் திருப்பிப் போட்டுக்க.”

*

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் இரண்டு சோபாக்கள் எதிரும் புதிருமாக இருந்தன. ஒன்றில் மாப்பிள்ளையின் அப்பா, மற்றதில் பெண்ணின் அப்பா. நடுவில் இருந்த மேஜையில் யாரும் தொடாத காபி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

“கண்டுபிடிச்சாச்சா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. திரையில் பார்த்ததைவிட மீசை நேரில் பெரிதாக இருந்தது.

“ஆச்சுங்க,” என்றாள் கழுகு. “போன வாரம் பொண்ணோட அண்ணனுக்குப் போன் பண்ணீங்களா?”

“பண்ணினேன். எங்களைக் கீழ போட்டிருந்தான். பக்கத்துல போடச் சொன்னேன். தப்பா?”

“தப்பில்லைங்க. ஆனா அந்தப் பக்கத்து இடம் பட்டன் வெக்கறதுக்குன்னு இருந்த இடம். அச்சுல வராத இடம். அச்சுல வர்ற இடத்துலதான் முதல்ல உங்களை வெச்சிருந்தாங்க. அங்கேர்ந்து உங்க குடும்பத்தைக் கிளப்பி வராத இடத்துக்குக் கொண்டுபோனது நீங்கதான்.”

பெண்ணின் அப்பா இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அதுதான் வினையாகிவிட்டது.

“அப்ப தப்பு என் மேல?” என்று எழுந்தார் மீசைக்காரர். “என் குடும்பத்தையும் தொலைச்சுட்டு, என்னையே குற்றவாளியாக்கி, அதுக்குச் சிரிப்பு வேறயா? இந்தச் சம்பந்தமே வேண்டாம்.”

மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் திரும்பினான், வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கொசுவுக்கு அவனைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

கழுகு அவசரப்படாமல் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். “கோவப்படறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க. சரி பண்ணியாச்சு.”

அவர் நின்றபடியே வாங்கினார். கண்கள் நேராக வலதுபக்கம் போயின. ஒவ்வொரு தலையாக விரல் வைத்து எண்ணினார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. “எல்லாரும் இருக்காங்க,” என்று உட்கார்ந்தார். தாள் எதிர் சோபாவுக்குப் போனது. பெண்ணின் அப்பா இடதுபக்கத்தை எண்ணினார். “அக்கா முழுசா இருக்கா,” என்று பெருமூச்சு விட்டார். அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

“அப்ப சரி,” என்றார் மீசைக்காரர், ஆறிய காபியை எடுத்துக்கொண்டே. “கல்யாணம் நடக்கட்டும்.”

“எல்லாரும் நல்லாப் பாத்துட்டீங்களா?” என்றாள் கழுகு. “குறை ஒண்ணும் இல்லையே?”

“இல்லை.”

“கொசு, அதை வாங்கிச் சத்தமாப் படி.”

கொசு வாங்கிப் படித்தான். “வாழ்க்கையில் ஒன்றுசேரும் இவர்கள் இருவரையும் வாழ்த்த, அனைவரும் வருக வருக.” அவன் குரல் நின்றது. அந்த வரிக்கு நேர் கீழே இடதுபக்கம் பெண்ணின் அப்பா கன்னத்தில் கைவைத்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். வலதுபக்கம் மாப்பிள்ளையின் அப்பா மீசையோடு நிமிர்ந்து நின்றார். இருவருக்கும் நடுவில் கொடிகளாலான ஓர் இதயம் இருந்தது.

“மேடம்,” என்றான் கொசு மெதுவாக. “ஜோடிப் பொருத்தம் பரவாயில்லாம இருக்கு.”

தாள் மறுபடி கை மாறியது. பெண்ணின் அப்பா பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா பார்த்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி மீசைக்காரரின் மூக்கில் ஏறியது. தும்மலா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து இரண்டு சோபாக்களும் குலுங்கின.

அண்ணன் மட்டும் வெளுத்துப்போயிருந்தான். “பொண்ணு மாப்பிள்ளை போட்டோவையும் பேரையும் தலைப்புல பெரிசா, பின்னாலிருக்கற படமா வெச்சிருந்தேன். மை மிச்சமாகட்டும்னு பின்னாலிருக்கற படங்களைக் கம்ப்யூட்டரே அச்சடிக்காம விட்டுடும். எனக்குத் தோணவே இல்ல.”

“உன் அறையில அச்சடிச்ச தாளைப் பாக்கற வரைக்கும் எனக்கும் தோணலை,” என்றாள் கழுகு. “அந்தத் தாளை எத்தனை தடவை பாத்தேன். தொலைஞ்சவங்களைத் தேடற தொழில்ல இருந்துக்கிட்டு.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. கொசு அதை முன்பு பார்த்ததில்லை.

மணப்பெண் சிரிக்கவில்லை. “இந்தத் தாளை வெச்சு ரெண்டு வீடும் இவ்வளவு சண்டை போட்டீங்க,” என்றாள். “அவங்கவங்க தலையை எண்ணினீங்க. நாங்க ரெண்டு பேரும் இதுல இல்லைங்கறது ஒருத்தருக்குக் கூடத் தெரியலையா? அப்ப நீங்களே பண்ணிக்கோங்க கல்யாணத்தை. அழைப்புல இருக்கறது நீங்கதானே.”

சிரிப்பு நின்றது. இரண்டு அப்பாக்களும் தரையைப் பார்த்தார்கள்.

“எனக்குத் தெரிஞ்சுது,” என்றான் மாப்பிள்ளை.

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

“சித்தப்பா தாளைக் கொண்டுவந்தப்பவே நான் முதல்ல தேடினது உன் போட்டோவை. இல்லைன்னு பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே,” என்றாள் அவள். குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகம் இருந்தது.

“சொல்லியிருக்கணும். தப்புதான்.” அவன் ஜன்னலை விட்டு நகர்ந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். “அப்பா, முதல் தாள்ல நாங்க மட்டும் இருப்போம். நீங்க எல்லாரும் அடுத்த தாள்ல.”

மீசைக்காரர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். யாரோ புதிய ஆள் வீட்டுக்குள் வந்திருப்பதுபோலப் பார்த்தார்.

“அடுத்த தாள்ல யார் மேல, யார் கீழ?” என்று கேட்டார் கடைசியில்.

“அதை நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க. பேசி முடியற வரைக்கும் முதல் தாள் மட்டும் எல்லாருக்கும் போகும்.”

பெண்ணின் அப்பா சோபாவை மாற்றி மீசைக்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருவரும் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ பேரம் பேசத் தொடங்கினார்கள். அண்ணன் கணினியைத் திறந்து தலைப்புப் படத்தைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரும் வேலையில் இறங்கினான். கழுகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்பலாம் என்று கொசுவுக்குத் தலையசைத்தாள்.

கொசு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். மணப்பெண் காலியான சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள் அவள்.

“எதை?”

“நாங்க மட்டும்னு சொன்னீங்களே, அதை.”

அவன் சொன்னான். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொசு ஒற்றைச் செருப்போடு தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினான்.